தவளப் பாதையும் காந்த ஊசியும்: அம்பாறைக் கரையில் படைநகர்வும் திசைகாட்டியும்

1804ஆம் ஆண்டு கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன் ஏறத்தாழ முந்நூறு பேருடன் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டார். பல திசைகளிலிருந்து வரும் பிரித்தானியப் படைகள் அங்கே ஒன்றுசேரும் என்பது அவர் விளங்கிக்கொண்ட கட்டளை. கண்டியை அடைந்தபோது வேறெந்தப் படையும் வந்திருக்கவில்லை. சண்டையிட்டபடியே திருகோணமலைக்குப் பின்வாங்கினார். அதைப் பற்றி 1810இல் அவர் வெளியிட்ட நூலைப் படைத்துறையினர் காட்டுப் போருக்கான பாடமாகவே வாசித்தனர். நான் அந்தப் படைநடையை வேறொன்றுக்குச் சான்றாகக் கொள்கிறேன். இந்தக் கரையிலிருந்து உள்நாட்டுக்குப் படை நகர வழிவிட்டது கருவியன்று, பாதையறிவுதான். திசைகாட்டி தன் முழுப் பயனைத் தந்தது நம்பகமான வரைபடம் வந்த பின்னரே.

கல்முனையிலோ சம்மாந்துறையிலோ நிற்பவருக்குத் திசை ஒருபோதும் பெரிய சிக்கலாக இருந்ததில்லை. கிழக்கே கடல் இரையும். மேற்கே வயல்வெளி, அதற்கப்பால் காடும் மலையும். இங்கே வழியை மறிப்பது நீர். கல்முனையிலிருந்து மேற்கே நேர்கோடு பிடித்தால் சற்று நேரத்தில் களப்பு குறுக்கிடும். மாரியில் கிட்டங்கித் தாம்போதியின் மேல் வெள்ளம் பாய்ந்தால் இன்றும் போக்குவரத்து நின்றுவிடுகிறது. எந்தத் துறையில் எந்த மாதம் மாடு இறங்கும், எங்கே குடிநீர் கிடைக்கும் என்பதை ஊசி சொல்லாது, பொதிமாட்டுக் கூட்டங்களை ஓட்டிய தவளக்காரர் சொல்வர். 17ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் செனரத் காலத்தில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தப்பட்ட சோனகரின் வழிவந்தோரும் பொதிமாடுகளில் உப்பையும் கருவாட்டையும் ஏற்றி மலைநாட்டோடு வணிகம் செய்தனர். 1817இல் வெல்லஸ்ஸச் சோனகருக்கு ஹஜ்ஜி மரைக்காரைப் பிரித்தானியர் முகாந்திரமாக நியமித்தனர். அந்த நியமனம் ஊவாக் கிளர்ச்சிக்கு ஒரு தூண்டுகோலாயிற்று. போக்குவரத்தைக் கைக்குள் வைத்திருந்த மக்களின் துணை ஆட்சியாளருக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கடலோடிகள் நூற்றாண்டுகளாகத் திசைகாட்டியை நம்பிச் சென்றார்களே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் கடலில் நேர்கோட்டில் ஓட முடியும், காட்டில் முடியாது. ஒவ்வொரு சுற்றுவழியும் பிடித்த கோணத்தைக் குலைத்துவிடும். கண்ணருகே வைத்து இலக்கையும் பாகையளவையும் ஒரே பார்வையில் படிக்க உதவும் பட்டகத் திசைகாட்டிக்கு ஷ்மல்கால்டர் லண்டனில் காப்புரிமை பெற்றதே 1812இல்தான். ஜோன்ஸ்டன் நடந்து எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதுவும் பிரித்தானியாவுக்கென்று சமன்செய்யப்பட்ட கருவி. அங்கே ஊசியின் வடமுனை பூமியை நோக்கி மிகுதியாய்ச் சாய்வதால், தென்முனையில் எடை கூட்டுவார்கள். காந்த நடுக்கோட்டை ஒட்டிய இலங்கையில் அந்தச் சாய்வு மிகச் சொற்பம். ஆகவே கூட்டிய எடையே தென்முனையைக் கீழிழுத்து ஊசியை உரசவைக்கும். மறுபுறம், மெய்வடக்குக்கும் காந்தவடக்குக்கும் உள்ள வேறுபாடு இன்று இங்கே ஏறத்தாழ இரண்டு பாகைதான். ஒரு கிலோமீற்றருக்கு முப்பத்தைந்து மீற்றர் பிழை. வயல்வெளியில் அது பொருட்டல்ல, களப்பைக் கடக்கும் துறையைத் தேடுபவருக்கோ பொருட்டுத்தான்.

பின்னாளில் படைகள் திசைகாட்டியின்றி நகர்ந்ததில்லையே என்பது வலுவான மறுப்பு. அதன் விடை நில அளவைத் திணைக்களத்தின் வரலாற்றில் இருக்கிறது. 1800இல் ஆளுநர் நோர்த் நிறுவிய அத்திணைக்களம், நீர்கொழும்புப் பக்கத்து அடித்தளக் கோட்டை மட்டக்களப்புப் பக்கத்துக் கோட்டால் சரிபார்த்து, முக்கோண அளவையால் தீவை இணைத்து, ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வரைபடங்களை வெளியிட்டது. முதல் உலகப் போரின் வெர்னர் திசைகாட்டியும், அடுத்த போரில் வந்த, ஊசியின் ஆட்டத்தை அடக்கும் திரவம் நிரப்பிய மூன்றாம் மாதிரியும் அத்தகைய வரைபடத்தோடு சேர்ந்தபோதே படைவீரனுக்குத் தன் இருப்பிடத்தைக் காட்டின. அந்த வரைபடத்துக்கு முன்பு அதே வேலையைச் செய்தது தவளக்காரரின் நினைவு. அவர்கள் சொன்ன துறைகளின், தங்குமடங்களின் பெயர்கள் முதியோரிடம் இன்னும் எஞ்சியிருக்கக்கூடும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைக் காலந்தாழ்த்தாமல் திரட்டி, பழைய அங்குல வரைபடத் தாள்களோடு ஒப்புநோக்க வேண்டும்.