ஐபிவி6: முகவரி மாற்றம் ஏன் தாமதமானது?

இணையத்தில் இணையும் கருவி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முகவரி தேவை. 1981 செப்டம்பரில் வரையறுக்கப்பட்ட ஐபிவி4 நெறிமுறை இம்முகவரிக்கு 32 பிட் நீளத்தை ஒதுக்கியது. இதனால் கிடைப்பவை சுமார் 429 கோடி முகவரிகள். சில நூறு கணினிகளே இருந்த அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்புக்கு அது தீராத எண்ணிக்கை.

அந்த வலையமைப்பு 1983 ஜனவரி 1 அன்று என்சிபி என்னும் பழைய நெறிமுறையைக் கைவிட்டு டிசிபி/ஐபிக்கு மாறியது. பணம் தந்ததும் உத்தரவிட்டதும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே என்பதால், நாள் குறித்து மாற முடிந்தது.

1995 டிசம்பரில் 128 பிட் முகவரி கொண்ட ஐபிவி6 வெளியானபோது அப்படி உத்தரவிட யாரும் இல்லை. ஐபிவி4 மட்டும் அறிந்த கணினி, ஐபிவி6 மட்டும் அறிந்த கணினியுடன் நேரடியாகத் தொடர்புகொள்ள இயலாது. ஆகவே முதலில் மாறுபவர் இரண்டையும் சேர்த்தே நடத்த வேண்டும். செலவு உடனே வரும். பயனோ மற்றவர்கள் மாறினால்தான் வரும். இதற்கிடையில், 1994இல் குறுகியகாலத் தீர்வாக முன்வைக்கப்பட்ட முகவரி மாற்றி முறை (நாட்) பரவியது. ஒரே கதவு எண்ணில் பல குடித்தனங்கள் இருப்பதைப் போல, ஓர் அலுவலகமே ஒரு பொது முகவரிக்குப் பின்னால் இயங்கியது. தற்காலிக ஏற்பாடு நிலைத்துவிட்டது; அவசரமும் குறைந்துவிட்டது.

2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பின் கடைசி ஐந்து தொகுதிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதே ஆண்டு, திவாலான நார்டெல் நிறுவனம் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு மைக்ரோசாப்டிடம் விற்றது. கேட்டவர்க்கு ஒதுக்கித் தரப்பட்டவை விலைபோகும் சொத்தாயின.

தாமதமாக வந்தவர்களுக்கே நெருக்கடி அதிகம். இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் ஐபிவி6 செயல்திட்டத்தை வெளியிட்டது. ஆயினும் பெரிய பாய்ச்சல் 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவின் 4ஜி சேவையால் வந்தது. ஆறு மாதங்களுக்குள் 10 கோடி வாடிக்கையாளர்களைச் சேர்த்த அந்நிறுவனத்திடம் அத்தனை பேருக்கும் பழைய முகவரிகள் இல்லை. காப்பாற்ற வேண்டிய பழைய கட்டமைப்பும் இல்லை. இன்று கூகுளின் அளவீட்டில் இந்தியப் பயனர்களில் பாதிக்கும் மேலானோர் ஐபிவி6 வழியே வருகின்றனர்.

எதிர்முனையில் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனம் இருந்தது. அதன் கையில் மட்டும் 1.6 கோடி முகவரிகள், அவற்றில் 1.4 கோடி பயன்படுத்தப்படவே இல்லை. 2017இல் அவற்றில் 80 லட்சத்தை விற்க முடிவு செய்த எம்ஐடி, அந்தப் பணத்தைத் தன் வலையமைப்பை ஐபிவி6க்கு மேம்படுத்தச் செலவிடப் போவதாக அறிவித்தது.