பிலிம் இல்லாக் காமிரா

எழுத்தறியாதவனும் படத்தை அறிவான். ஆதலின் செய்தியைப் பாமரரிடம் சேர்ப்பதில் புகைப்படத்திற்கு ஒப்பான சாதனம் அரிது. ஆயினும் புகைப்படக்காரர் நெடுங்காலம் இருட்டறைக்குக் கட்டுப்பட்டிருந்தனர். பிலிம் சுருளைக் கழுவி, உலர்த்தி, பிரதியெடுத்த பின்னரே படத்தைக் கம்பி வழியே தொலைவிற்கு அனுப்புவது வழக்கமாயிருந்தது. இக்கட்டினை அறுக்க முனைந்த ஒரு கருவியின் வரலாறு அறியத்தக்கது.

1981-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜப்பான் தேசத்துச் சோனி கம்பெனியார் 'மாவிகா' என்னும் மாதிரிக் காமிராவை உலகிற்குக் காட்டினர். அதில் பிலிம் இல்லை. ஒளியானது உணர்கருவியில் வீழ்ந்து, மின்குறியாக மாறி, சுழலும் சிறு காந்தத் தகட்டில் பதிந்தது. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பந்தயங்களின்போது, கானன் கம்பெனியார் யோமியூரி பத்திரிகையாருடன் கூடி இத்தகைய காமிராவைச் சோதித்தனர். படங்கள் டெலிபோன் கம்பி வழியே ஜப்பானை அடைந்தன. அம்முயற்சியின் கனியாக, தொழில்முறைப் புகைப்படக்காரர்க்கென 'ஆர்.சி.-701' என்னும் காமிரா 1986-ல் விற்பனைக்கு வந்தது. அதன் இரண்டங்குலத் தகடு ஒன்றில் 50 படங்கள் அடங்கும். தகட்டை அழித்து மீண்டும் பயன்படுத்தலாம்.

குறைகளும் இல்லாமலில்லை. படம் எண்களாகப் பதியாமல், டெலிவிஷன் படத்தைப் போல மின்னலைகளாகவே பதிந்தது. உணர்கருவியின் புள்ளிகள் ஏறத்தாழ 3,80,000 மட்டுமே. ஆகவே பிலிமின் நுண்மை இதற்கு வாய்க்கவில்லை. பெரிதாக்கினால் உருவம் மங்கிற்று. விலையும் மிகுதி. இவற்றைச் சுட்டி இம்முறையை இகழ்ந்துரைத்தல் எளிது.

எனினும் ஒரு பொருளின் மதிப்பைத் தேவையே காட்டும். 1989-ல் பெய்ஜிங் நகரத்தில் மாணவர் கிளர்ச்சி எழுந்தபோது, சீன அரசாங்கத்தார் அயல்நாட்டு டெலிவிஷனாரின் நேரடி ஒளிபரப்பைத் தடுத்தனர். அப்போது சி.என்.என். நிறுவனத்தார் சோனியின் நிலைப்படம் அனுப்பும் கருவியைக் கொண்டு, டெலிபோன் கம்பி வழியே படங்களை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினர். அப்படங்களின் நுண்மையை அளக்க எவர்க்கு மனம் வரும்? மறைக்க நினைத்ததை மாந்தர் கண்டனர், அதுவே போதும்.

1991-ல் கோடக் கம்பெனியார் படத்தை எண்களாக்கிப் பதியும் காமிராவைக் கொணர்ந்தபின், காந்தத் தகட்டின் நாட்கள் எண்ணப்படலாயின. கருவி மறைந்தது, அது காட்டிய வழி மறையவில்லை. கண்டதை அக்கணமே உலகிற்கு உரைக்கும் ஆற்றல் இன்று ஏழையின் கையிலும் உள்ளது. அதனை வீண் கேளிக்கைக்கோ, உண்மையை நிலைநாட்டுவதற்கோ, எதற்குப் பயன்படுத்துவது என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.