தேன்கூட்டு அஞ்சாலை

தேன்கூட்டு அஞ்சாலை வெப்பக்கடல் பவளப்பாறைகளில் வாழும் விலாங்கு வகை மீன். அறிவியல் பெயர் ஜிம்னோதோராக்ஸ் ஃபேவஜினியஸ். மீனியல் அறிஞர் மார்க்கஸ் பிளாக் முடிக்காமல் விட்டுச்சென்ற மீன்நூலை ஷ்னைடர் 1801இல் வெளியிட்டபோது இப்பெயர் அச்சேறியது. ‘ஃபேவஸ்’ என்றால் லத்தீனில் தேனடை. வெள்ளை உடலெங்கும் கரும்புள்ளிகள் நெருங்கிக் கிடக்க, இடையில் ஓடும் வெண்கோடுகள் தேனடையின் அறைச்சுவர்கள் போலவே இருக்கும். தூத்துக்குடி, இராமநாதபுரம் கடற்கரையில் இவ்வகை மீன்களுக்கு அஞ்சாலை என்று பெயர்.

கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பப்புவா நியூகினி வரை இது பரவியுள்ளது. நீளம் 3 மீட்டர் வரை எட்டும். தெளிந்த நீரில் வாழ்பவற்றுக்குக் கரும்புள்ளிகள் குறைவு. கலங்கிய நீரில் வாழ்பவற்றுக்கு அதிகம். மலாக்கா நீரிணை போன்ற சேற்றுக்கடலின் ஓரத்தில் வாழ்வோர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது. ஒரே மீன் இடத்துக்கு இடம் வேறு மீனாகத் தோன்றலாம்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது விலாங்கு என்பார்கள். அஞ்சாலையோ பாறைப் பொந்திலிருந்து தலையை மட்டுமே காட்டும். வாய் திறந்து திறந்து மூடும். பார்ப்பவர் அதைச் சீற்றம் என்று எண்ணுவர். உண்மையில் அது மூச்சு. செவுள்களுக்கு நீரைத் தள்ளவே அப்படிச் செய்கிறது. செதிலும் இல்லை, மார்புத் துடுப்பும் இல்லை; வழவழப்பான கோழைதான் தோலுக்குக் காப்பு. இரவில் வெளியேறி மீன்களையும் கணவாய்களையும் பிடிக்கிறது. தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று உண்டு. முன்தாடை கவ்வியதும் அது முன்னே பாய்ந்து இரையை உள்ளே இழுக்கும். அஞ்சாலை இனமொன்றில் இதை ஆய்வாளர்கள் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் 2007இல் படம்பிடித்துக் காட்டினார்கள்.

அஞ்சாலைக்குப் பொந்து தருவது பவளப்பாறைதான். மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்த, ஆனால் போர்ட்டிக்சன் பக்கம் தனித்து நிற்கும் தஞ்சோங் துவான் முனையைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. கடலைத் தூர்க்கும் பணிகளால் எழும் வண்டல் பவளத்தை மூடி மூச்சடைக்கச் செய்கிறது. பவளம் செத்தால் பொந்தும் இல்லை, அஞ்சாலையும் இல்லை.

பெரிய அஞ்சாலைகளின் இறைச்சியில் சிகுவட்டெரா நஞ்சு சேர்ந்திருக்கலாம். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. பற்கள் உள்நோக்கி வளைந்தவை, கடித்தால் காயம் ஆழமாகும். வற்றுநீரில் பாறைகளின்மேல் நடக்கும் பிள்ளைகளைப் பொந்துக்குள் கைவிட விடாதீர்கள்.