திருப்பத்தை உணரும் நுண்கருவி: ஒரு வரலாற்று நோக்கு

இருளில் நிற்கும் மனிதனும் தன் உடல் எப்பக்கம் திரும்புகின்றதென்பதை அறிவான். உட்செவியிலுள்ள அரைவட்டக் கால்வாய்கள் அவ்வறிவை அவனுக்குத் தருகின்றன. தானே இயங்கும் இயந்திரத்துக்கும் இத்தகைய புலனொன்று இன்றியமையாதது. பெருங்கருவியொன்று படிப்படியாகச் சுருங்கியே இன்றைய நுண்ணுணரி ஆயிற்றெனப் பலர் கருதுவர். ஆயின், பழைய கருவியின் உயிர்நிலையாகிய சக்கரத்தைக் கைவிட்ட பின்னரே அது நுண்மை பெற்றதென வரலாறு காட்டுகின்றது.

பிரான்சிய அறிஞர் லியோன் பூக்கோ 1852 இல், விரைந்து சுழலும் சக்கரமொன்றை எப்பக்கமும் திரும்பவல்ல வளையங்களில் அமைத்து, அதற்குக் கைரோஸ்கோப் எனப் பெயரிட்டார். சுழலுஞ் சக்கரத்தின் அச்சு தன் திசையை எளிதில் விடாது. இவ்வியல்பைக் கொண்டே பிற்காலத்துக் கப்பல்களும் விமானங்களும் திசையறிந்தன. 1953 இல் சாள்ஸ் ஸ்டார்க் டிரேப்பரின் குழுவினர் ஆக்கிய கருவித்தொகுதி, விமானமொன்றை மாசச்சூசெற்சிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் வரை வழிநடத்திற்று. அத்தொகுதியின் நிறையோ 2,000 இறாத்தலுக்கு மேற்பட்டது. சக்கரமும் அதனைத் தாங்கும் அச்சும் உள்ளவரை கருவியை மிகச் சிறிதாக்கல் அரிது. உருவம் சிறுக்குந்தோறும் உராய்வின் தீங்கு மிகும்.

தீர்வுக்கு வேண்டிய அறிவு வேறிடத்தில் வளர்ந்திருந்தது. சுழலுந் தொகுதியில் இயங்கும் பொருள்மீது பக்கவாட்டில் தோன்றும் விசையைக் கொரியோலிஸ் 1835 இல் கணித்துரைத்தார். 1890 இல் பிரித்தானியக் கணித அறிஞர் ஜீ. எச். பிரையன், ஒலிக்கும் கிண்ணத்தைச் சுழற்றும்போது அதன் அதிர்வுக்கோலம் கிண்ணத்துக்குப் பின்தங்குவதை விளக்கினார். ஈயின் பின்சிறகுகளுக்குப் பதிலாகவுள்ள குமிழ்முனைத் தண்டுகள் அதிர்ந்து உடலின் திருப்பத்தை உணர்வதை 1948 இல் பிரிங்கிள் ஆராய்ந்து காட்டினார். திருப்பத்தை அறிய அதிரும் பொருளே போதுமென்பது இவற்றாற் புலனாயிற்று.

அதிர்வுக்கேற்ற பொருளாகச் சிலிக்கன் வாய்த்தது. 1979 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் றொய்லன்ஸ், ஏஞ்சல் ஆகிய இருவரும் வேகமாற்றத்தை அளக்குஞ் சிலிக்கன் கருவியை ஆக்கினர். 1991 இல் அதிருஞ் சிலிக்கன் கைரோஸ்கோப் வெளிப்பட்டது. அதனை ஆக்கியது, முன்னர்ப் பெருஞ்சக்கரங்களைச் சுழற்றிய டிரேப்பரின் பெயர் தாங்கிய ஆய்வுகூடமே. இத்தகைய கருவியில் மெல்லிய சிலிக்கன் தகடு ஒரு செக்கனில் பல்லாயிரந் தடவை அதிரும். கருவி திரும்பியதும் தகடு பக்கவாட்டில் அணுவளவு விலகும். அவ்விலகல் மின்கொள்ளளவ மாற்றமாக அளக்கப்படும். 2010 முதல் கையடக்கத் தொலைபேசிகளிலும் இக்கருவி இடம்பெற்றது.

இதன் பெருமையும் எல்லையும் செவ்வாய்க் கிரகத்திற் புலப்பட்டன. 2021 ஏப்ரல் 19 ஆம் நாள் அங்கு பறந்த இன்ஜெனுவிற்றி ஹெலிகொப்டரின் நிறை 1.8 கிலோகிராம். பூமியிலிருந்து செய்தி சென்றடையப் பல நிமிடங்களாதலின் அது தானே தன்னை நடத்த வேண்டியிருந்தது. தொலைபேசிகளுக்கென ஆக்கப்பட்ட வகையைச் சேர்ந்த உணரியே அதன் திருப்பத்தை அறிவித்தது. ஆயினும் நுண்ணுணரியின் சிறுபிழைகள் நேரஞ்செல்லத் திரண்டு பெரும்பிழையாகும். அவற்றைத் திருத்தக் கமராவின் துணை வேண்டும். 2024 சனவரி 18 ஆம் நாள் நிகழ்ந்த 72 ஆவது பறப்பில், அடையாளங்கள் அருகிய மணற்பரப்பின்மேல் அத்துணை தவறியமையே விபத்துக்குக் காரணமாதல் கூடுமென ஆய்வாளர் கருதினர்.

கிண்ணத்தின் ஓசையை ஆராய்வதாற் பயன் யாதென 1890 இல் எவரேனும் வினவியிருப்பின், விடை கிடைத்திராது. விடை பிறக்க ஒரு நூற்றாண்டு சென்றது. உடனடிப் பயனொன்றையே அளவுகோலாகக் கொண்டு கல்வியை மதிப்பிடுவோர் இதனைச் சிந்தித்தல் தகும்.