வாசகரைத் தேடிப்போன நூலகங்கள் - ஒக்டோபர் மாதத்தில் சில நினைவுகள்



ஒக்டோபர் வந்தால் நம் பாடசாலைகளில் தேசிய வாசிப்பு மாதம். பதாகை கட்டுகிறோம், பேச்சுப் போட்டி வைக்கிறோம், சான்றிதழ் கொடுக்கிறோம். மாதம் முடிய பதாகையைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்து விடுகிறோம். பிறகு வருடம் முழுக்க ஒரே பேச்சுத்தான்: "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்க சேர் வாசிக்குதுகள், போனும் கையுமாத்தானே இருக்குதுகள்."

பிள்ளைகளைக் குறை சொல்லுமுன் ஒரு பழைய கதையைப் பார்ப்போம். போன் இல்லாத காலத்திலும் மக்கள் தாமாக நூலகத்துக்கு ஓடி வந்துவிடவில்லை. அவர்களைத் தேடி யாரோ ஒருவர் முதலில் போக வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் என்றதும் நமக்கெல்லாம் அந்த வெள்ளைக் கட்டடமும் 1981இன் தீயும்தான் ஞாபகம் வரும். அது ஆரம்பித்த இடம் ஒரு வீடு. 1933இல் கே.எம்.செல்லப்பா என்பவர் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை ஊர் இளைஞர்களுக்கு இலவசமாக வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். இதை ஊருக்கே பொதுவாக்கினால் என்ன என்று அவர் விடுத்த அழைப்புக்குப் படித்தவர்களும் பெரியவர்களும் சேர்ந்து வந்தார்கள். 1934 ஆகஸ்ட்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறக்கப்பட்டது. அன்று இருந்த நூல்கள் 844. அடுத்த வருடமே நகர சபை அதைப் பொறுப்பேற்றது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த ஒழுங்கு. முதலில் வந்தது வாசகர். பிறகு புத்தகம் பெருகியது. சபை அதற்குப் பிறகு வந்தது. கட்டடம் கடைசியாக, 25 வருடம் கழித்து வந்தது. நம் ஊர்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. கட்டடம் திறக்கப்படும், பெயர்ப்பலகை திரை நீக்கப்படும், வாசகர் வருவார் என்று காத்திருப்போம்.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் தஞ்சாவூர்ப் பக்கம் இன்னொன்று நடந்தது. சென்னையில் கணித விரிவுரையாளராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்காக இங்கிலாந்து போனார். அங்கே சாதாரண உழைப்பாளிகளும் பெண்களும் பிள்ளைகளும் நூலகத்தைத் தங்கள் வீடு போலப் பாவிப்பதைக் கண்டார். திரும்பி வந்து 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். புத்தகம் பயன்பாட்டுக்கு உரியது என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அடுத்த இரண்டும்.

அதே 1931, ஒக்டோபர் 21. மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல் என்ற கிராமத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். ரங்கநாதனும் அந்த முயற்சிக்குத் துணை நின்றார். ரோட்டே சரியாக இல்லாத காலம். நகரத்துக்குப் போக வசதியில்லாத விவசாயியின் வாசலில் போய் அந்த வண்டி நின்றது.

இந்த இரண்டு கதைகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. யாழ்ப்பாணத்துக்குப் பெரிய நூலகம் கட்ட 1950களின் தொடக்கத்தில் முயற்சி எடுத்தபோது ஆலோசனை சொல்ல வந்தவர் அதே ரங்கநாதன்தான். கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் புனித பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகளார். 1954இல் அடிக்கல் வைத்தார்கள். அடுத்த வருடம், 1955இல், யாழ். மாநகர முதல்வராக இருந்தவர் நம் சமூகத்தைச் சேர்ந்த எம்.எம்.சுல்தான். இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? 1959 ஒக்டோபர் 11இல் மேயர் அல்பிரட் துரையப்பா நூலகத்தைத் திறந்து வைத்தார். 1967இல் சிறுவர் பகுதி தனியாகத் திறக்கப்பட்டது. பெரியவர்களின் மேசைக்குக் கீழே பிள்ளைகள் ஒதுங்கி உட்காரத் தேவையில்லாமல் அவர்களுக்கென்று ஓர் இடம் கிடைத்தது.

1981 மே 31 இரவு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. இந்த வலியைத் தமிழ் வாசிக்கும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பிற்பாடு 1998இல் மீளக் கட்டும் வேலை தொடங்கியபோது நாடெங்கும் மக்களிடம் கேட்கப்பட்டது ஒரு புத்தகமும் ஒரு செங்கல்லும்தான். 2004இல் மீண்டும் கதவு திறந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் நூலகம் உண்டு. பத்திரிகை வாசிக்கும் வயது போன நாலைந்து பேரும் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் ஏ.எல் பிள்ளைகளும் வருகிறார்கள். மற்றவர்கள் வராததற்குக் காரணம் வாசிப்பில் வெறுப்பு என்று நாம் நினைக்கவில்லை. பாடசாலை விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் மத்ரஸா. எல்லாம் முடிந்து பிள்ளை வெளியே வரும்போது நூலகம் பூட்டியிருக்கும். பெண் பிள்ளைகளைத் தனியே அவ்வளவு தூரம் அனுப்ப உம்மாமார் தயங்குகிறார்கள். அங்கத்துவப் படிவத்தை நிரப்பிக் கையொப்பம் வாங்க ஆளில்லாத வீடுகளும் உண்டு.

ஆகவே, ஆசிரியர்கள் சிலர் பேசி வைத்திருக்கும் சிறிய யோசனைகள் இவை:

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஓர் ஓட்டோவில் நூறு புத்தகம். கடற்கரைப் பக்கம் ஒரு தரிப்பு, வயல் பக்கக் குடியிருப்பில் ஒரு தரிப்பு.

தரம் 6 பிள்ளைகளின் அங்கத்துவப் படிவங்களைப் பாடசாலையிலேயே நிரப்பி மொத்தமாக நூலகத்தில் ஒப்படைப்பது.

பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வாரத்தில் ஒரு பின்னேரம் ஒதுக்கித் தரும்படி பிரதேச சபையிடம் எழுத்தில் கேட்பது.

இதற்குப் பெரிய காசு தேவையில்லை. ஓட்டோ உள்ள ஒரு சகோதரர், கூடப் போகக்கூடிய இரண்டு ஏ.எல் முடித்த பிள்ளைகள், அலுமாரியில் தூசு படிந்து கிடக்கும் உங்கள் புத்தகங்கள் போதும். செல்லப்பாவின் வீட்டிலும் ஆரம்பத்தில் இதைவிட அதிகம் இருந்திருக்காது.

உதவ முடிந்தவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். கதைப் புத்தகம், அறிவியல், வரலாறு எதுவும் தரலாம். பழைய மொடல் பேப்பர் மட்டும் வேண்டாம், அது பிள்ளைகளிடம் நிறையவே இருக்கிறது.