ஆணி அடிக்காத சுவர்: தனியறை இல்லாத வீடுகளில் பதின்பருவ அலங்காரமும் அதன் நினைவும்

முன்னுரை

பதின்பருவத்தினர் தம் படுக்கையறையை அலங்கரித்துக்கொள்வதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு முற்கோளுடன் தொடங்குகின்றன. முதலில் அறை இருக்க வேண்டும், அலங்காரம் அதன்பின் வரும் என்பதே அது. ஆஞ்செலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் 1976இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. இளைஞர் பண்பாட்டைத் தெருவில் மட்டுமே தேடிய ஆய்வாளர்களின் கண்ணில் பெண்பிள்ளைகள் படவில்லை என்று அவர்கள் சுட்டினர். பெண்பிள்ளைகளின் பண்பாடு வீட்டுக்குள், படுக்கையறையில், பாடகர் படங்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் நடுவே உருவாவதை எடுத்துக்காட்டினர். அமெரிக்காவில் பதின்பருவத்தினரின் தனியறை எப்படிப் பரவியது என்பதை ஜேசன் ரீட் 2017இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். அளவில் சுருங்கிய குடும்பமும் பெருகிய வருவாயும் சந்தையும் சேர்ந்து அந்த அறையை உருவாக்கின என்பது அவ்வரலாறு தரும் செய்தி.

அப்படியானால் தனியறையே இல்லாத வீட்டுப் பிள்ளைகளை எங்கே வைப்பது? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் சுமார் 37 விழுக்காடு ஒரே அறையிலும், சுமார் 32 விழுக்காடு இரண்டு அறைகளிலும் வாழ்ந்தன. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன், 1980களில் வளர்ந்த எங்களில் பலருக்கு 'என் அறை' என்ற சொல்லே வாயில் வந்ததில்லை. ஆயினும் அந்தத் தலைமுறையினர் தாம் ஒட்டிய படத்தையும் அடுக்கிய அலமாரியையும் இன்றும் கனிவோடு நினைக்கிறார்கள். அறையே இல்லாதபோது இந்தக் கனிவு எதன்மீது? இக்கட்டுரையின் வாதம் இதுதான்: தமிழ் நடுத்தர வீடுகளில் பதின்பருவ அலங்காரத்துக்கு அடிப்படை அறையன்று, பிறர் இசைந்து விட்டுக்கொடுத்த ஒரு பரப்பு. நினைவில் இனிப்பதும் அந்த இசைவே. கோவில்பட்டியில் ஒரு வாடகை வீட்டில் 1983 முதல் 1988 வரை நான் கண்டவையே இங்கு முதன்மைச் சான்றுகள்.

பரப்புகளின் வரிசை

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள், ஒரு அடுப்படி. ஆள்கள் ஆறு பேர். முன்னறைச் சுவர் வீட்டின் பொதுமுகம். அங்கே சாமி படங்கள், சந்தனமாலை போட்ட தாத்தாவின் புகைப்படம், காமராசர் படம், தினசரி நாட்காட்டி எல்லாவற்றுக்கும் அவற்றின் இடம் வகுக்கப்பட்டிருந்தது. மீந்த பரப்புகள்தாம் பிள்ளைகளுக்கு வந்தன. கதவின் பின்புறம், பீரோவின் பக்கவாட்டு, செய்தித்தாள் விரித்த அலமாரித் தட்டு, டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறம் ஆகியவை அவை. எனக்குக் கிடைத்தது உள்ளறை ஜன்னலுக்கும் மூலைக்கும் இடையே மூன்றடி அகலச் சுவர். அதன் கீழேதான் நானும் தம்பியும் பாய் விரித்துப் படுத்தோம். எதிர்ப்பக்கம் ஆச்சியின் கட்டில்.

பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பங்கீடு வேறுவிதமாக நடந்தது. அக்கா பின்னிய வயர் கிளியும், துணியில் தைத்துச் சட்டமிட்ட 'நல்வரவு'ம் முன்னறைக்கு உடனே போயின. வந்தவர்களிடம் அம்மா அவற்றைக் காட்டிப் பெருமைப்படுவாள். வார இதழ்களிலிருந்து அக்கா விரும்பி வெட்டிய ஓவியங்களோ அவள் டிரங்குப் பெட்டி மூடிக்குள் இருந்தன. அவளுடைய கைத்திறன் வீட்டுக்கு உரியது, விருப்பம் பெட்டிக்கு உரியது என்பதாக அந்தப் பங்கீடு அமைந்தது. மெக்ராபியும் கார்பரும் படுக்கையறையில் கண்டதை நான் ஒரு தகரப் பெட்டிக்குள் கண்டேன். படுக்கைக்கு அருகிலுள்ள ஓவியம் ஏக்கத்தைத் தாங்குவது தமிழில் மிகப் பழைய செய்தி. நெடுநல்வாடையின் அரசி, கட்டிலுக்கு மேலே விதானத்தில் எழுதிய ஓவியத்தில் நிலவைப் பிரியாத உரோகிணியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். அவளுக்கு அரண்மனை விதானம் செய்ததை என் அக்காவுக்குப் பெட்டி மூடி செய்தது. ஒருவர் சொல்ல முடியாததை அவருக்காக ஒரு படம் வைத்துக்கொள்வதற்கு அந்த அளவு இடம் போதும்.

படங்கள் வந்த வழி

அமெரிக்கப் பதின்பருவ அறையை நிரப்பியதில் கடைச்சரக்குக்குப் பெரும்பங்கு உண்டு. எங்கள் சுவருக்காகக் காசு கொடுத்து வாங்கியது அனேகமாக எதுவுமில்லை. தீப்பெட்டி லேபிள் அச்சிட்டு வளர்ந்த சிவகாசி அச்சகங்கள் ஆண்டுதோறும் காலண்டர்களை வீடுவீடாகச் சேர்த்தன. அந்தக் காலண்டர்களின் தெய்வ உருவங்களுக்கு வடிவம் தந்த ஓவியர்களில் முதன்மையானவர் எங்கள் ஊரில் வாழ்ந்து 1976இல் மறைந்த கொண்டையராஜு. டிசம்பர் முடிந்ததும் தேதித்தாள் தீர்ந்த காலண்டரின் படம் பிள்ளைகளின் கைக்கு வரும். சாமி படத்தைக் குப்பையில் போடக் கூடாது என்ற அச்சமே எங்கள் முதல் சேகரிப்புக்குக் காரணம்.

அடுத்தது பொங்கல் வாழ்த்து அட்டை. மார்கழி பாதியிலேயே கடைவாசல்களில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள்: நடிகர்கள், கரும்பும் பானையும், முருகன், ரோஜாப்பூ. தபாலில் வந்தவற்றை நூலில் கோத்துச் சுவரின் இரு முனைக்கும் கட்டினால் தோரணம். யாருக்கு எத்தனை அட்டை வந்தது என்பதை அந்தத் தோரணமே ஊருக்குச் சொல்லிவிடும். வழவழப்பான தாளுக்கு 'சோவியத் நாடு' இருந்தது. பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டதுபோக மிஞ்சிய பக்கங்களில் பனி மூடிய ஊர்கள் எங்கள் வெயிலூர்ச் சுவருக்கு வந்தன. விளையாட்டுக்கு 1978இல் தொடங்கிய 'ஸ்போர்ட்ஸ்டார்' இதழின் நடுப்பக்கப் படம். பக்கத்து வீட்டு ஆசிரியர் படித்து முடித்துக் கொடுப்பார். பின்னை நகத்தால் நிமிர்த்திக் கிழியாமல் எடுப்பது ஒரு தனிக் கலை.

இவை எல்லாமே இரண்டாம் கையாக வந்தவை. ரசனை என்பது தேர்ந்து வாங்குவதில் மட்டும் உருவாவதில்லை. வந்து சேர்ந்தவற்றுள் எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதிலும் உருவாகிறது. களத்தில் சிந்திய மணியைப் பொறுக்குபவர் போல நாங்கள் பொறுக்கினோம். பொறுக்கியதை அடுக்கியதில்தான் எங்கள் கை இருந்தது.

பசையும் இசைவும்

வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் முதல் நிபந்தனை. செலோடேப் வெயிலில் பிரிந்து சுண்ணாம்பையும் சேர்த்துப் பெயர்த்து வரும். எனவே மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். ஆனால் பசைக்கு முன் அனுமதி வேண்டும். 1983 ஜூனில் இந்தியா உலகக் கோப்பையை வென்ற பிறகு எனக்குக் கபில்தேவ் படம் ஒன்று கிடைத்தது. அப்பாவிடம் நேராகக் கேட்கத் துணிவில்லை. அம்மா வழியாகக் கேட்டேன். தம்பி தன் புலிப்படத்துக்குப் பாதி இடம் கேட்டான். ஆச்சி ஒரு நிபந்தனை வைத்தாள்: முருகன் மேலே இருக்க வேண்டும், மற்றவர்கள் கீழே. அப்படியே ஒட்டினோம்.

ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. "யாருய்யா இந்த மீசக்காரன்?" என்று கேட்டாள். சொன்னேன். அதன்பின் என் பள்ளித் தோழர்கள் வரும்போதெல்லாம், "நம்ம கபிலு" என்று அவளே அவர்களுக்கு அறிமுகம் செய்தாள். தனியறையில் ஒட்டிய படம் ஒட்டியவரின் படமாகவே இருந்துவிடக்கூடும். பொதுச்சுவரில் ஒட்டியதை நாலு பேர் கேட்பார்கள், குறை சொல்வார்கள், பிறகு தம்முடையதாகவும் ஆக்கிக்கொள்வார்கள். ஒரு பையன் தன் விருப்பத்தைப் பிறர் முன்னிலையில் வைத்து, அதற்கு விளக்கம் சொல்லப் பழகியது அந்த மூன்றடியில்தான்.

போகிக்குப் பின்

அந்தச் சுவருக்கு ஓராண்டே ஆயுள். தை பிறக்குமுன் வீடு ஒதுக்கி வெள்ளையடிக்க வேண்டும். சுண்ணாம்பில் நீலம் கலந்து நார்மட்டையால் அடிப்பார்கள். பழையன கழியும் நாளில் எங்கள் படங்களும் கழிந்தன. ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் எழுதிய நூலில் ஏக்க நினைவை இரண்டாகப் பிரித்தார். ஒன்று இழந்ததை அப்படியே மீட்டெழுப்ப முயல்வது. மற்றொன்று, இழப்பை இழப்பாகவே ஏற்று அசைபோடுவது. எங்கள் நினைவு இரண்டாம் வகையாக மட்டுமே இருக்க முடியும். மீட்பதற்கு அறையும் இல்லை, சுவரின் மேல்தோலும் இல்லை. ஆண்டுக்கொரு பூச்சாகச் சுண்ணாம்பு அதை மூடிவிட்டது.

இது வறுமையை அழகாக்கும் பேச்சு என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. உடைமாற்ற ஒரு மறைவில்லாமல் அக்கா பட்ட சிரமத்தை நான் அறிவேன். எந்தப் பிள்ளைக்கும் தனியறை கிடைப்பது நல்லதே. ஆனால் நெருக்கடி வேறு, அதற்குள் மனிதர்கள் ஒருவருக்கொருவர் இடம் ஒதுக்கியது வேறு. என் நினைவில் படங்களின் நிறம் மங்கிவிட்டது. அவற்றைப் பற்றிப் பிறர் சொன்ன சொற்கள் மங்கவில்லை. இல்லாமையை நினைத்து மகிழ்கிறேன் என்றால் இப்படி நேர்ந்திருக்காது.

நான் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்த ஆண்டு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். என் சுவரைப் பற்றி அதுவரை ஒரு சொல்லும் சொல்லியிராத அப்பா, ஈரத்துணியை ஒற்றி ஒற்றிக் கபில்தேவ் படத்தைக் கிழியாமல் உரித்து, சுருட்டிப் பரணில் வைத்திருந்தார். சுண்ணாம்பு காய்ந்த மறுநாள் அதை என்னிடம் கொடுத்தார். எதுவும் பேசவில்லை. அந்த ஆண்டுக்கான அனுமதி அது என்று எனக்குப் புரிந்தது.

முடிவுரை

பதின்பருவ அலங்காரத்தை அறையிலிருந்து தொடங்கி ஆராய்ந்தால் கதவின் பின்புறமும் பெட்டி மூடியும் கணக்கில் வராமல் போகின்றன. பரப்பிலிருந்து தொடங்கினால் அவை உள்ளே வரும்; அவற்றோடு அவற்றைக் கொடுத்தவர்களும் உள்ளே வருவார்கள். இன்று பதின்பருவத்தினர் பலர் கைப்பேசித் திரையில் தாம் விரும்பும் படத்தை யாரையும் கேட்காமல் வைத்துக்கொள்கிறார்கள். அது அவர்களுக்குக் கிடைத்த உரிமை. பொதுச்சுவர் தந்தது உரிமையன்று. கேட்டுப் பெற்றதும் தையில் மீண்டும் கேட்கவேண்டியதுமான ஓர் இசைவு. எங்கள் தலைமுறை கனிவோடு திரும்பிப் பார்ப்பது தனக்குச் சொந்தமாயிருந்த ஓர் அறையை அன்று. ஆறு பேர் வாழ்ந்த வீட்டில் மற்ற ஐவர் சற்று நகர்ந்து கொடுத்த மூன்றடிச் சுவரை.