பாண்டியர் கொட்டிலும் பரியின் குளம்பும்

குதிரை வாங்கச் சென்ற மணிவாசகரின் கதையை அறியாத தமிழர் இலர். கடல் கடந்து வந்த புரவிகளைப் பட்டினப்பாலையும் பேசுகிறது. வந்த குதிரைகள் பின்னர் என்னவாயின என்பதை மட்டும் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகரன் ஆண்ட காலத்தில் பாண்டி நாடு வந்த மார்க்கோ போலோ அதனை எழுதி வைத்துள்ளார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய குதிரைகளுள் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லையாம். குதிரை மருத்துவமும் லாடத் தொழிலும் அறிந்தோரை வணிகர்கள் இங்கு வரவிடவில்லை என்பது அவர் கூறும் காரணம். குதிரை மாண்டால்தானே மறு ஆண்டும் விற்பனை! எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும் செய்தியை முற்றும் புறந்தள்ளுவதற்கில்லை.

பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் தரும் குறிப்பு இதனினும் பயனுடையது. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். அத்துணை விலை கொடுத்து வாங்கியதை 40 நாள் முளையில் கட்டி, வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட பயறும் ஊட்டிப் பாலும் புகட்டினராம். அன்பினால் செய்ததே; ஆனால் குதிரைக்கு அது நஞ்சு. மிகுந்த தானியம் குடலில் புளித்தால், குளம்பின் சுவரை உள்ளெலும்போடு பிணைக்கும் மெல்லிய இழைத்தகடுகள் அழன்று தளரும். எலும்பே கீழிறங்கவும் கூடும். இன்றைய கால்நடை மருத்துவர் நன்கறிந்த நோய் இது. பாண்டியர் கொட்டிலில் வெப்பமும் பிற பிணிகளும் இருந்திருக்கும். எனினும் காலில் தொடங்கிய அழிவும் சிறிதன்று என்பது என் கருத்து.

லாடம் இல்லாமை மட்டுமே குற்றமன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கரான செனபோன், லாடமின்றியே குளம்பு உறுதிப்படக் கொட்டிலின் முன்னே உருண்டைக் கற்களைப் பரப்பச் சொன்னார். இன்றும் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி, நாள்தோறும் நடக்கவிட்டு, லாடமின்றிக் குதிரை வளர்ப்போர் உளர். நான் பணிபுரியும் வடபுல நகரில், முன்னர் டோங்காக் குதிரைக்கு லாடம் அடிக்கும் முதியவர் ஒருவரைக் கண்டதுண்டு. ஆணியடிப்பது சில நிமிட வேலை. அதற்குமுன் அரத்தால் குளம்பைச் சமன்செய்யத்தான் அவர் நெடுநேரம் குனிந்திருப்பார்.

குளம்பு மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். பழுதுற்ற குளம்பு தேய்ந்து, புதியது முழுதும் இறங்கி வர ஓராண்டளவு ஆகும். போலோவின் கணக்கு மெய்யானால், பாண்டியர் குதிரைகளுட் பெரும்பாலானவை அந்த ஓராண்டையும் காணவில்லை.